ஒன்பது வயசுப் பையனுக்கு முதல் காமிக்ஸ்: மாயாவியா, புதுசா?

கேள்வி, ஜூன் 2

பையனுக்கு ஒன்பது முடிஞ்சு பத்து நடக்குது. இங்கிலீஷ் மீடியம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். ஆகஸ்ட்ல ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போறதா இருக்கேன். எனக்கு மாயாவி, ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, பழைய லயன் ஹீரோ) காலம்தான் தெரியும். நடுவுல இருபது வருஷம் விட்டுப் போச்சு. மறுபதிப்பு வாங்கிக் கொடுக்கவா, இப்போ வர்றதுல எதையாவது எடுக்கவா? ஒரு வரியில சொன்னாப் போதும்.

ஜூன் 2

ஒரு வரி: மாயாவியைக் கொடுக்காதீங்க.

ஜூன் 2, ராத்திரி

அந்த ஒரு வரிக்கு மூணு பேர் திட்டிட்டாங்க. ஒருத்தர் "நன்றி கெட்டவன்"னே போட்டிருக்கார். சரி, விளக்கறேன்.

நான் மாயாவிக்கு எதிரி இல்லை. 1972 ஜனவரியில முத்து காமிக்ஸோட முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். அது வரலேன்னா நாம யாரும் இங்கே உட்கார்ந்து மல்லுக்கட்டிட்டு இருக்க மாட்டோம். எங்க அண்ணன் கைமாத்தி விட்ட அட்டையில்லாத பிரதி ஒண்ணு இன்னும் என் பீரோவுல வேட்டிக்கு அடியில இருக்கு. ஆனா 2012 ஜனவரியில முத்துவோட தம்பி இதழான லயன் காமிக்ஸோட கம்பேக் ஸ்பெஷல் 100 ரூபாய்க்கு வந்தப்போ, சென்னை புத்தகக் கண்காட்சி ஸ்டால் முன்னாடி நின்னது யாரு? பாதிப் பேருக்குக் காதோரம் நரை. கூட வந்த பசங்க அப்பா சட்டையைப் பிடிச்சு "போலாம்ப்பா"ன்னு இழுத்துட்டு இருந்தாங்க. அப்பாக்கள் பழைய அட்டையைத் தடவிப் பார்த்துக் கண்ணு கலங்கிட்டு நின்னாங்க. நானும்தான்.

அந்த ஏக்கம் நமக்கு உள்ளது. அதைப் பையன் தலையில கட்ட வேண்டாம்னுதான் சொன்னேன்.

ஜூன் 3

"அப்போ என்னதான் வாங்கறது"ன்னு கேட்டவர் திரும்பக் கேட்டிருக்கார். நியாயம். சொல்லாம விட்டுட்டேன். லக்கி லூக். சிரிப்பு கௌபாய் கதை, கண்ணை மூடிட்டு எடுங்க.

ஜூன் 5

சும்மா வாய் பேசக்கூடாதுன்னு ஒரு சோதனை வெச்சேன். எங்க அக்கா பொண்ணு, பத்து வயசு, லீவு முடியற நேரம் இங்கே கரூர்ல எங்க வீட்ல இருக்கா. அவளும் எழுத்துக் கூட்டற ஆள்தான். ஒரு பக்கம் மாயாவி மறுபதிப்பு, இன்னொரு பக்கம் லக்கி லூக். எதையும் சொல்லாம டீப்பாய் மேல வெச்சுட்டு வெளியே போயிட்டேன்.

திரும்பி வந்தா மாயாவியைக் கையில வெச்சிருக்கா. வண்ணத்துல இருந்த லக்கி லூக் அப்படியே கிடக்குது. "இவனுக்குக் கை மட்டும் ஏன் தெரியுது?"ன்னு கேட்டா. கரண்ட் பாஞ்சா உடம்பு மறைஞ்சுடும், இரும்புக்கை மட்டும் மறையாதுன்னு சொன்னேன். "அப்போ கரண்ட் கட் ஆனா?"

2012-ல எங்க ஊர் மாயாவி எல்லாம் தினமும் பல மணி நேரம் கண்ணுக்குத் தெரிஞ்சுட்டுதான் இருந்திருப்பார்னு சொன்னேன். அவளுக்கு அந்த மின்வெட்டு தெரியாது. அவ அப்பாதான் சிரிச்சார்.

ஆக, ஜூன் 2-ல நான் போட்ட வரி ஆட்டம் கண்டிருச்சு.

ஜூன் 9

ஆட்டம் கண்டுச்சே தவிர விழலை. பத்துப் பக்கம் தாண்டினதும் புத்தகத்தை மடக்கிட்டா. காரணம் கேட்டேன். கதை பிடிக்கலைன்னு சொல்வான்னு பார்த்தா, வேற சொன்னா: "இவன் யாருன்னு திரும்பத் திரும்ப ஏன் சொல்லிட்டே இருக்காங்க? எனக்குத்தான் தெரியுமே."

நாற்பது வருஷமா படிக்கறேன், இது எனக்கு உறைச்சதே இல்லை. எடுத்துப் புரட்டினேன். உண்மைதான். ரெண்டு மூணு பக்கத்துக்கு ஒரு தடவை மாயாவி எங்கேயாவது தொங்குறார், இல்லேன்னா எதாவது வெடிக்கப் போகுது. அடுத்த பக்கத்துல ஒரு கட்டம் "லூயிஸ் கிராண்டல், விபத்தில் கையை இழந்தவன்..."ங்கற மாதிரி ஜாதகத்தை ஆரம்பத்துலேருந்து வாசிக்குது.

காரணம் தெரிஞ்சதுதான், யோசிக்காம விட்டது. இது இங்கிலாந்துல 'வேலியண்ட்' வாரப் பத்திரிகையில 1962-ல ஆரம்பிச்ச தொடர். வாரத்துக்கு ரெண்டு மூணு பக்கம். போன வாரம் வாங்காதவனுக்கும் புரியணும், அடுத்த வாரம் வாங்கவும் வைக்கணும். அதனால பக்க முடிவுல ஒரு தொங்கல், அடுத்த வாரம் ஒரு முன்கதைச் சுருக்கம். அந்தத் துண்டுகளை ஒட்டி ஒரே புத்தகமா நமக்குக் கொடுத்தாங்க. ஹேசஸ் பிளாஸ்கோவோட கோடுகள் அவ்வளவு அழகு, நிழல் விழற இடமெல்லாம் போட்டோ மாதிரி. அந்த அழகுல ஒட்டு நம்ம கண்ணுக்குத் தெரியலை. சின்னப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருச்சு.

ஜூன் 9, கொஞ்ச நேரம் கழிச்சு

மேலே எழுதினது எல்லா மாயாவி கதைக்கும் பொருந்தாது. வேலியண்ட் போட்ட அதே ஃப்ளீட்வே கம்பெனி 1967, 68-ல சூப்பர் லைப்ரரின்னு கையடக்கமா புத்தகம் போட்டுச்சு. அதுல மாயாவி, ஸ்பைடர், ஜானி நீரோ கதைகள் முழுநீளமாவே எழுதப்பட்டவை. தொங்கலும் சுருக்கமும் கிடையாது. மாயாவிதான் வேணும்னா அந்த வகைக் கதையாப் பார்த்து எடுங்க. கண்டுபிடிக்கறது சுலபம்: ஒரு பக்கத்துக்கு ரெண்டு மூணு பெரிய படம், முன்கதைச் சுருக்கம் இருக்காது.

ஜூன் 11

ஒரு நண்பர் தனியா கேட்டார்: "மாயாவின்னா முகமூடி போட்டுக் குதிரையில வருவாரே, நாய் கூட வருமே, அவருக்கு எப்போ இரும்புக்கை வந்துச்சு?"

வரலை சார். நீங்க ராணி காமிக்ஸ் வீடு. அங்கே காட்டுக்குள்ள மண்டையோட்டுக் குகையில இருந்தவர்தான் மாயாவி. அதே ஆள் (இங்கிலீஷ்ல ஃபேண்டம்) முத்துவுல வேதாளர். நம்ம கரண்ட் மாயாவி வேற. இந்தக் குழப்பத்துல எங்க தெருவுல ஒரு நட்பே முறிஞ்சிருக்கு. ரெண்டு பேரும் "மாயாவிக்குக் கை இரும்பு", "டேய், மாயாவிக்கு மோதிரம்தான்டா"ன்னு ஒரு முழு வருஷம் பேசாம இருந்தாங்க. ரெண்டு பேரும் சரி.

ஜூன் 15

இப்போ வர்றதைப் பத்திக் கொஞ்சம். இருபது வருஷம் விட்டவருக்கு இது தேவைப்படும்.

முதல் விஷயம், கடையில தொங்கும்னு தேடாதீங்க. பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில நூல்ல குத்தித் தொங்கவிட்ட காலம் போயாச்சு. லயன், முத்து ரெண்டும் இப்போ பெரும்பாலும் சந்தாவுலதான் ஓடுது. வருஷ அட்டவணை முன்கூட்டியே வந்துடும், பணம் கட்டினா மாசாமாசம் கூரியர். இல்லேன்னா சிவகாசியிலேருந்து ஆன்லைன்ல தனித்தனியா வாங்கலாம். இல்லேன்னா புத்தகத் திருவிழா.

ரெண்டாவது, டெக்ஸ் வில்லர் நிறைய இருப்பார். "எங்கே பார்த்தாலும் டெக்ஸ்தானா"ன்னு புலம்பறதுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க. இத்தாலியில 1948-லேருந்து வர்ற கௌபாய் தொடர். அங்கே மாசம் ஒரு புத்தகம், நூத்திப் பத்துப் பக்க அளவு, கறுப்பு வெள்ளை. கதைக்கும் பஞ்சம் இல்லை, வண்ண அச்சுச் செலவும் இல்லை. பிரெஞ்சு, பெல்ஜிய ஆல்பம்னா 46 பக்கம், பெரிய சைஸ், வண்ணம், ஆர்ட் பேப்பர். அதைத் தனியாப் போட்டா ஒல்லியா இருக்கு, விலை மட்டும் குண்டா இருக்கு. ரெண்டு மூணைச் சேர்த்துத் தைச்சாத்தான் நாம 'குண்டு புக்'னு கொஞ்சற சமாச்சாரம் வரும். 2013 ஜனவரியில முத்து நெவர் பிஃபோர் ஸ்பெஷல் 400 ரூபாய்னு சொன்னப்போ "யாரு வாங்குவா"ன்னு கேட்டவன் நான். ரெண்டு பிரதி வாங்கினவனும் நான்.

மூணாவது, 'கிராபிக் நாவல்'னு போட்டிருந்தா பையனுக்கு எடுக்காதீங்க. நம்ம ஆளுங்க அதுக்கு வெச்ச பேர் அழுகாச்சி காவியம். எனக்கு அதுதான் இப்போ ரொம்பப் பிடிக்குது. ஒன்பது வயசுக்கு வேண்டாம்.

'இரத்தப் படல'மும் அவனுக்கு இப்போ வேண்டாம், உங்களுக்கு எடுத்துக்கங்க. நினைவு போன அந்த ஆள் யாருன்னு தெரியாமத்தானே நீங்க விட்டுட்டுப் போனீங்க? 2010-ல கறுப்பு வெள்ளையில ஒரே தொகுப்பாவும் 2018-ல வண்ணத்துலயும் வந்துச்சு. அந்தத் தொடர்ல ஒரே ஒரு ஆல்பத்தை மட்டும் கேப்டன் டைகரை வரைஞ்ச ஜிரோ வரைஞ்சிருக்கார். ரெண்டு தொடரையும் படிச்சவங்களுக்கு முதல் பக்கத்துலயே கை தெரிஞ்சிடும்.

ஜூன் 16

கேப்டன் டைகர்னு எழுதினதும் ஞாபகம் வந்துச்சு. மூலத்துல அவர் பேர் ப்ளூபெர்ரி, வெறும் லெப்டினன்ட். பழத்தோட பேரை எடுத்துட்டுப் புலியோட பேரைக் கொடுத்து, கையோட கேப்டன் பதவி உயர்வும் கொடுத்தது நம்ம சிவகாசிதான். அமெரிக்க ராணுவம் அந்த மனுஷனை அலைக்கழிச்ச அலைக்கழிப்புக்கு இதாவது கிடைச்சுதே.

ஜூன் 23

ஒரு எச்சரிக்கை. "பழசு வேணும்னா பழைய பிரதியே வாங்கலாமே, என்ன காகித வாசம்!"னு மேலே ஒருத்தர் ஆசை காட்டியிருக்கார். நானும் அப்படி ஆசைப்பட்டவன்தான். எட்டு வருஷம் முன்னாடி ஒரு வியாபாரிகிட்ட (பேர் வேண்டாம்) பழைய லயன் பன்னிரண்டு இதழ் வாங்கினேன். போன்ல படம் அனுப்பினார், அட்டையெல்லாம் பளபள. பார்சல் வந்ததும் பார்த்தா அட்டை மட்டும் ஒரிஜினல். ஏழு புத்தகத்துக்கு உள்ளே ஜெராக்ஸ். ரெண்டு புத்தகத்துல நடுவுல எட்டுப் பக்கம் வேற கதை. ஸ்பைடர் ஹெலிகார்ல ஏறறார், அடுத்த பக்கத்துல யாரோ ஒரு கௌபாய் குதிரையிலேருந்து இறங்கறார்.

நான் கொடுத்த தொகையைச் சொல்ல மாட்டேன். வீட்ல இந்தப் பக்கத்தைப் படிக்கறாங்க.

ஜூலை 1

ஜூலை பிறந்தாலே எனக்கு 1984. அந்த ஒரே மாசத்துல லயனும் வந்துச்சு, ராணி காமிக்ஸும் வந்துச்சு. லயன்ல முதல் ஆட்டம் மாடஸ்டி பிளைசிங்கற சாகசக்காரி, ராணியில ஜேம்ஸ் பாண்ட். குழந்தைங்க பத்திரிகைன்னு வாங்கிக் கொடுத்த அப்பா அம்மா யாரும் உள்ளே புரட்டிப் பார்க்கலைங்கறது நம்ம தலைமுறைக்குக் கிடைச்ச பாக்கியம்.

ஜூலை 6

இன்னிக்குக் கொஞ்சம் சூடா எழுதறேன். பொறுத்துக்கங்க.

ஜூன் 9-ல மாயாவியை மறுபடி புரட்டினேன்னு சொன்னேன்ல, அப்போலேருந்து ஒரு உறுத்தல். இன்னிக்கு உட்கார்ந்து முழுசாத் தேடினேன். நான் சின்ன வயசுல படிச்ச ஒரு வசனம் மறுபதிப்புல இல்லை. மின்கம்பியைப் பிடிச்சு மறையறதுக்கு முன்னாடி மாயாவி சொல்வார்: "கரண்ட் இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலை இல்லை!" அந்த வரி எனக்கு மனப்பாடம். அதை எடுத்துட்டாங்க. ஏன் எடுக்கணும்? பழசை அப்படியே கொடுக்கறதுதானே மறுபதிப்பு? தமிழை மாத்தினா அப்புறம் வெறும் படம்தான் மிச்சம். பிளாஸ்கோவோட படம் இங்கிலீஷ்லயும் கிடைக்குது, இத்தாலியன்லயும் கிடைக்குது. எனக்கு வேணுங்கறது அந்தத் தமிழ்.

யோசிச்சா இதுதான் என் மொத்த வழக்கும்னு தோணுது. மறுபதிப்பா புதுசாங்கறது நாம போடற வெளிச்சண்டை. உள்ளே கிடக்கறது வசன பலூனுக்குள்ள இருக்கற தமிழ். டெக்ஸ் எனக்குப் பிடிக்குதுன்னா துப்பாக்கிக்காக இல்லை. இரவுக்கழுகாரும் (அதான் டெக்ஸ்) வெள்ளிமுடியாரும் (அவர் கூட்டாளி கார்சன்) ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கற அந்தப் பேச்சுக்காக. கார்சன் சாப்பாட்டைப் பத்திப் புலம்பினா எங்க சித்தப்பா ஞாபகம் வருது. இத்தாலிக்காரன் எழுதின கிழட்டு ரேஞ்சர் எங்க சித்தப்பா மாதிரிப் பேசறான்னா, அதை யாரோ உட்கார்ந்து செஞ்சிருக்காங்கல்ல?

ஜூலை 8

வாபஸ்.

திருப்பூர் நண்பர் ஒருத்தர்கிட்ட அசல் பழைய இதழ் முழுசா இருக்கு. நேத்து ராத்திரி எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினார். ரெண்டு மணி வரைக்கும் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணித் தேடினேன். அந்த வசனம் அதுலயும் இல்லை. இருக்கற எந்த வசனமும் அதுக்குக் கிட்டக்கூட வரலை.

மறுபதிப்பைப் போட்டவங்ககிட்ட மன்னிப்பு. ஜூலை 6-ல முதல் பாதியை மட்டும் அடிச்சுட்டுப் படிங்க. ரெண்டாவது பாதியில நான் இன்னும் நிக்கறேன், கால் கொஞ்சம் நடுங்கினாலும்.

ஜூலை 9

அண்ணனுக்குப் போன் போட்டேன். சிரிச்சுட்டே சொன்னான்: "அது நீ சொல்ற வசனம்டா. பம்ப்செட் ரூம்ல அப்பா கையுறையை மாட்டிக்கிட்டு நீதான் கத்துவே. ஸ்விட்ச் போர்டு பக்கம் போனேன்னு அம்மா உன் முதுகுல ரெண்டு வெச்சாங்க, ஞாபகம் இல்லையா?"

அடி ஞாபகம் இருக்கு. எதுக்குன்னு மறந்துட்டேன்.

ஜூலை 9, இன்னொண்ணு

யாரோ கேட்கறதுக்கு முன்னாடி: ஆமா, அந்த வேலையைப் பசங்க யாரும் செஞ்சு பார்க்கக்கூடாது. மாயாவி வாங்கிக் கொடுக்கறவங்க இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்க.

ஜூலை 20

லக்கி லூக் முடிவு வந்தாச்சு. போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பொண்ணு சத்தமாப் படிச்சுக் காட்டினா. தடுமாறித்தான் படிக்கறா, ஆனா ஒரு பலூனுக்கு நாலஞ்சு சொல்தான், மூச்சு வாங்காம முடிஞ்சிடுது. டால்டன் அண்ணன் தம்பிங்கள்ல குட்டையா இருக்கறவன் கோபப்படற இடத்துல அவளே குரலை மாத்தறா. மாயாவியில ஒரு பலூனுக்கு ஏழு வரி, பொடி எழுத்து. அதுவும் 'எனினும்', 'அக்கணமே'ன்னு வந்துச்சுன்னா அங்கேயே நின்னுடறா. இங்கிலீஷுக்கு அளவெடுத்த பலூன்ல தமிழைத் திணிச்சா எழுத்து சிறுத்துத்தான் போகும். நான் எந்தத் தமிழுக்காக உருகறேனோ அதுவே அவளுக்கு வேலியா நிக்குது. ஜூலை 6-ல எழுதினதுக்கு இதையும் பக்கத்துல வெச்சுக்கங்க, எனக்கு இன்னும் பதில் கிடைக்கலை.

இன்னொரு கேள்வி கேட்டா: "இவர் வாயில எப்பவும் எதுக்குப் புல்?" முதல்ல சிகரெட்தான் இருந்துச்சு, 1983-ல வரைஞ்சவர் மோரிஸ் புல்லா மாத்திட்டார்னு சொன்னேன். "நல்லவேளை. குதிரை பாவம்"னா. குதிரைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குப் புரியலை, கேட்டுக்கவும் இல்லை.

ஜூலை 21

"பாட்டன் காலத்து ஹீரோக்களை எவன் வாங்கறான்"னு ஒரு தம்பி கேட்டிருக்கார். 2022-ல வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கெர்பி, காரிகன் நாலு பேரையும் வெச்சு 'ஸ்மாஷிங் 70ஸ்'னு தனித்தடமே போட்டாங்க தம்பி. நான் சந்தா கட்டினேன். எங்க அப்பா படிச்சார். முன்னாடி என் கையிலேருந்து பிடுங்கிப் பரண்ல போட்டவர் அவர்தான்.

ஆகஸ்ட் 11

ஈரோடு போயிட்டு வந்தாச்சு. அக்கா பொண்ணையும் கூட்டிட்டுப் போனேன். கூட்டம். லயன் ஸ்டால்ல வழக்கமான முகங்கள், வழக்கமான சண்டை, ஒருத்தர் ஸ்பைடர் வேணும்கறார், ஒருத்தர் ஸ்பைடரைத் தவிர எதுனாலும் சரிங்கறார்.

கேள்வி கேட்டவரையும் பார்த்தேன். பையன் லக்கி லூக் எடுக்கலை. ஸ்மர்ஃப் எடுத்தான். அப்பா ஓரமா நின்னு மாயாவி ஒண்ணு, 'இரத்தப் படலம்' ஒண்ணுன்னு பில் போட்டுட்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் மாயாவியை 'இரத்தப் படல'த்துக்கு அடியில மறைச்சார். கரண்ட் இல்லாமலேயே மறைச்சிட்டீங்களேன்னு சொன்னேன்.

எங்க பொண்ணு ஒரு டெக்ஸ் குண்டு புக் தூக்கிட்டா. அட்டையில குதிரை நல்லா இருக்காம். எடை அவளோட ஸ்கூல் பேக் அளவு. படிக்க மாட்டான்னு தெரிஞ்சும் வாங்கினேன்.

ஆகஸ்ட் 18

டெக்ஸ் இன்னும் பிரிக்கப்படலை, சொன்னேன்ல. ஆனா வேற ஒரு சேதி.

லீவுல அவ பாதியில மடக்கி வெச்ச மாயாவி மறுபதிப்பை இன்னிக்கு அலமாரியில அடுக்கும்போது பிரிச்சேன். மாயாவி மின்கம்பியைப் பிடிக்கற கட்டத்துல, மேலே வெறுமையா இருந்த வானத்துல, பென்சில்ல ஒரு பலூன். கோணல் எழுத்து. "கரன்ட் இருக்குர வரைக்கும் எனக்கு கவலை இல்லை." ஜூலையில நான் அக்கா வீட்ல புலம்பினதை எல்லாம் கேட்டுட்டு இருந்திருக்கா. அங்கே போனப்போ நான் கொண்டு போயிருந்த பைக்குள்ளதான் அந்தப் புத்தகம் இருந்துச்சு.

புத்தகத்துல பேனா பட்டாலே பத்து நாள் தூங்காத ஆள் நான். அட்டைக்கு அட்டை போட்டு வெச்சிருக்கறவன். ரப்பரைத் தேடி எடுத்தேன். 'இருக்குர'வுக்கு இடையின ர போட்டிருக்கா, அதை மட்டும் திருத்தலாமான்னு கொஞ்ச நேரம் பார்த்துட்டு ரப்பரை டிராயர்லயே போட்டுட்டேன்.

இந்தப் பிரதி விற்பனைக்கோ மாற்றிக்கவோ இல்லை. திருப்பூர்க்காரர் ஏற்கனவே கேட்டுட்டார்.